ரேடியோவும் விதை வியாபாரியும்

குடியானவர்களுக்கு விவசாய ஆலோசனை கூறுவதற்கு இனி ரேடியோ எதற்கு, கைப்பேசி ஒன்றே போதாதா என்று கேட்போர் இந்நாளில் பலராயினர். கேள்வி நியாயமற்றதன்று. வானிலையும், கமிட்டி விலையும், பயிர் நோயின் படமும் உள்ளங்கையிலேயே வந்து நிற்கின்றன. ஆயினும் அவ்வாறு வரும் ஆலோசனைகளுள் எது சர்க்கார் இலாகாவினது, எது மருந்துக் கம்பெனியினது, எது யாரென்றே தெரியாத ஒருவருடையது என்று பகுத்தறிவது எளிதாயில்லை. ஆலோசனை கூறுபவன் யார், கூறுவதால் அவனுக்கு வரும் லாபம் யாது, அவன் கூறியது பொய்த்தால் அவனை எங்கே சென்று கேட்பது என்னும் மூன்று வினாக்களும் குடியானவனுக்குப் புதியவை அல்ல. இவ்வினாக்கள் ரேடியோ பிறந்த காலத்திலேயே, அமெரிக்காவில் ஒரு சிற்றூரில், மிகக் கூர்மையாக எழுந்தன. அவ்வூரின் வரலாறு நம் குடியானவர்கள் அறிந்திருக்கத் தக்கது என்பது எமது எண்ணம்.

அயோவா என்னும் மாகாணத்தின் தென்மேற்கு மூலையில் ஷெனண்டோவா என்றொரு ஊர் உளது. மக்கள் தொகை அன்றும் இன்றும் ஏறக்குறைய 5,000. சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லைகளும் பன்றிப் பண்ணைகளும். ஆனால் அவ்வூருக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. விதைகளும், பழமரக் கன்றுகளும், பூச்செடிகளும் தபாலில் அனுப்பும் வியாபாரத்தில் அது பெயர் பெற்றிருந்தது. ஊருக்கு வருவாயும் தபால் நிலையத்துக்கு வேலையும் பெரும்பாலும் நாற்றங்கால்களாலேயே கிடைத்தன. இவ்வளவு சிறிய ஊரில் 1925ஆம் ஆண்டு முடியுமுன் ஒன்றல்ல, இரண்டு ரேடியோ நிலையங்கள் எழுந்தன. இரண்டையும் நிறுவியவர்கள் விதை வியாபாரிகளே.

முதலாமவர் ஹென்றி பீல்டு. 1871ஆம் ஆண்டு அவ்வூரிலேயே பிறந்தவர். சிறு பிராயத்திலேயே தோட்டத்தில் விளைந்ததையும் விதையையும் விற்கத் தொடங்கியவர். தம் விதைப் பட்டியல்களைத் தாமே, பேசுவது போல, எழுதுவார். 1924ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தம் விதைக் கட்டடத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்தார். கே.எப்.என்.எப். என்பது அதன் அடையாள எழுத்து. அவ்வெழுத்துக்களுக்கு, 'நட்போடிரு, முகம் சுளிக்காதே' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கற்பித்து அவர் விளம்பரம் செய்தார். அதன் சக்தி அக்காலத்தில் 500 வாட்டு. இன்று ஒரு வீட்டு நீரிறைக்கும் மோட்டார் உண்ணும் மின்சாரத்துக்கு மேற்படாது. ஆயினும் அலை வழிகளில் நெருக்கடி இல்லாத காலமாதலால், இரவு நேரங்களில் அவர் குரல் பல மாகாணங்களைக் கடந்து கேட்டது.

இரண்டாமவர் ஏர்ல் மே. அண்டை மாகாணமாகிய நெப்ராஸ்காவில் பிறந்து, ஆசிரியராயிருந்து, சட்டமும் படித்தவர். ஷெனண்டோவாவில் பெரியதொரு நாற்றங்கால் உரிமையாளரின் மகளை மணந்து, 1919ஆம் ஆண்டில் தம் விதைக் கம்பெனியைத் தொடங்கினார். பீல்டின் ரேடியோவால் எதிர்க் கடையில் தபால் மூட்டைகள் குவிவதைக் கண்டு அவர் வாளாவிருப்பாரா? முதலில் ஏறக்குறைய 60 மைல் தொலைவிலுள்ள ஒமாஹா நகரத்து நிலையத்திற்குத் தம் ஊர்ப் பாட்டுக்காரர்களை மோட்டாரில் அழைத்துச் சென்று ஒலிபரப்பினார். வந்த கடிதங்களும் கட்டளைகளும் அவரை மேலும் ஊக்கின. 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கே.எம்.ஏ. என்னும் அவர் சொந்த நிலையம் பேசத் தொடங்கியது. மறு ஆண்டு, 1926ல், 'ரேடியோ டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில், உலகிலேயே மக்கள் அபிமானம் மிகப் பெற்ற அறிவிப்பாளர் என்று 4,50,000க்கு மேற்பட்ட வாக்குகளால் மே தேர்ந்தெடுக்கப்பட்டுத் தங்கக் கோப்பை பெற்றார். நியூயார்க்கு, சிக்காகோ நகரங்களின் தேர்ந்த பேச்சாளர்கள் எல்லாம் பின் நிற்க, விதை விற்பவர் ஒருவர் முன் வந்தார். இந்தக் கோப்பையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக. இதைப் பற்றி மீண்டும் கூற வேண்டியிருக்கும்.

இவ்விடத்தில் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அலை ஒலிபரப்பு, அதாவது ஆங்கிலத்தில் ஏ.எம். எனப்படுவது, பகற்காலத்தில் நிலத்தை ஒட்டியே ஊர்ந்து செல்லும் இயல்புடையது. நிலம் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துமோ அவ்வளவு தொலைவு அலை தேயாமல் செல்லும். பாறையும் வறண்ட மணலும் அதனை உறிஞ்சிவிடும். ஈரமும் களியும் உப்புச் சத்தும் உள்ள ஆழ்ந்த கருமண் அதனைச் சுமந்து செல்லும். அமெரிக்கச் சமவெளியின் மண் இப்பின்னைய வகையினது. மக்காச்சோளத்தைத் தழைக்கச் செய்த அதே மண்தான், சிறிய நிலையத்தின் குரலையும் நெடுந்தொலைவு கொண்டு சென்றது. இரவிலோ, வானத்தில் உயரத்திலுள்ள மின்னேற்றப் படலத்தில் பட்டுத் திரும்பி, அலை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்கும். இக்காரணத்தால் சிற்றூர் நிலையத்தைக் கேட்டவர்கள் அச்சிற்றூரார் மாத்திரம் அல்லர்.

இனி, அந்நிலையங்கள் எவற்றை ஒலிபரப்பின என்று பார்ப்போம். விடியற்காலையில் கால்நடைகளுக்குத் தீனி வைத்துவிட்டு வீட்டுக்குள் வருபவனுக்கு வானிலையும் சந்தை நிலவரமும். நடுப்பகல் உணவு நேரத்தில் பன்றி விலை, மக்காச்சோள விலை, விதைக்கும் காலம் பற்றிய பேச்சு. ஞாயிறன்று கோயில் வழிபாடு. மாலையில் பழைய கிராமிய இசை. பாடியவர்களிலும் பிடில் வாசித்தவர்களிலும் பலர் விதைக் கட்டடத்தில் பொட்டலம் கட்டுபவர்களும் கணக்கெழுதுபவர்களுமே. அவர்கள் வாசித்தது உயர்தர சங்கீதம் என்று எவரும் கூறவில்லை. ஆனால் அது கேட்பவர்கள் தம் வீட்டுக் கல்யாணங்களில் கேட்டுப் பழகிய இசை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எவர்லி சகோதரர்கள் சிறுவர்களாயிருந்த பருவத்தில், 1940களின் பிற்பகுதியிலும் 1950களின் தொடக்கத்திலும், தந்தை தாயருடன் இவ்வூர் நிலையங்களில் பாடினர். அது தனிக் கதை.

பீல்டின் நிகழ்ச்சிகளில் எமக்கு முக்கியமாகத் தோன்றுவது 'கடிதக் கூடை'. வந்த கடிதங்களைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து, பதில் கூறுவார். அவர் பேச்சு இலக்கணத்துக்கு உட்பட்டதன்று. திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்றது. அவர் கூறியதில் செய்தி பாதி, வியாபாரம் பாதி. விதை மாத்திரம் அன்று. உலர்ந்த பழம், காப்பிக் கொட்டை, வர்ணம், மோட்டார்ச் சக்கரம், வேலைக்குரிய உடுப்பு ஆகியவையும் அவர் வாய்மொழியால் விற்பனையாயின. பேசுவது யார், எங்கே இருக்கிறார், எதை விற்கிறார் என்பதில் ஒளிவு மறைவு இல்லை. கேட்டவர்கள் கேட்டதோடு நில்லாமல், ஆயிரக்கணக்கில் மோட்டார்களில் அவ்வூருக்கே வந்து அவரை நேரில் பார்த்தனர். 1927ஆம் ஆண்டில் மே ஒரு பெரிய அரங்கத்தையே கட்டினார். சுமார் 1,000 பேர் அமரலாம். மேடைக்கும் மக்களுக்கும் இடையே பெரிய கண்ணாடிச் சுவர். பேசுபவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் குரலைக் கேட்கும்படி அது அமைக்கப்பட்டது.

மாதர் நிகழ்ச்சியைக் கூறாமல் விட்டால் இவ்வரலாறு குறைபட்டதாகும். பீல்டின் சகோதரி லியானா டிரிப்ட்மியர் 1926ஆம் ஆண்டு முதல் இல்லத்தரசிகளுக்காகப் பேசி வந்தார். ஏழு குழந்தைகளை வளர்த்தவர். சமையற் குறிப்புகளைக் கேட்பவர் எழுதிக்கொள்ளும்படி மெல்ல மெல்லச் சொல்வார். இடையிடையே பிள்ளைகளின் காய்ச்சல், தோட்டத்து அவரை, வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆகியவற்றையும் கூறுவார். 1930ஆம் ஆண்டு ஒரு மோட்டார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, சக்கர நாற்காலியிலேயே வாழும் நிலைமை அவருக்கு ஏற்பட்டது. நிலையத்திற்கு அவர் செல்ல இயலாது போகவே, நிலையம் அவர் வீட்டிற்கு வந்தது. ஒலிவாங்கியை அவர் இல்லத்திலேயே அமைத்தனர். அடுத்த வீட்டுப் பெண்மணி தன் இல்லத்திலிருந்தே பேசுகிறாள் என்னும் எண்ணம் அதனால் இன்னும் உறுதிப்பட்டது. 'கிச்சன் கிளாட்டர்' என்ற பெயர் பெற்ற அந்நிகழ்ச்சி, அவரும் அவர் மகளும் மற்றையோரும் பேச, பல நிலையங்களுக்குப் பரவி, 1980களின் நடுப்பகுதி வரை நடைபெற்றது. அருகில் அண்டை வீடு ஒன்றும் இன்றி, பனிக்காலத்தில் வாரக்கணக்கில் அயலார் முகம் காணாத பண்ணைப் பெண்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்தறியலாம். நம் விவசாய ஒலிபரப்புகள் பெண்களை நோக்கிப் பேசும்போது சத்துணவுப் பட்டியலை ஒப்பிப்பதோடு நின்றுவிடுவது ஏனென்று எமக்கு விளங்கவில்லை. களையெடுப்பவளும் நாற்று நடுபவளும் விதை நெல்லைக் காப்பவளும் அவள் அன்றோ?

நிற்க. இதற்கு ஆட்சேபம் இல்லாமலில்லை. சில்லறை வியாபாரிகள், ரேடியோவைக் கொண்டு ஒருவர் நேரே சரக்கு விற்பது தகாது என்று கூக்குரலிட்டனர். அவர்கள் கூச்சல் தம் கடையைப் பற்றியது; அதில் நமக்கு அக்கறை இல்லை. ஆனால் அதன் அடியில் உண்மையான கேள்வி ஒன்று கிடந்தது. விதை விற்பவனே எந்த விதையை விதைக்க வேண்டும் என்று ஆலோசனையும் கூறினால், அந்த ஆலோசனையை எவ்வாறு நம்புவது? அன்பும் நகைச்சுவையும் கலந்து, தினந்தோறும் வீட்டுக்குள் வந்து பேசும் ஒருவனை அயலானென்று நம்பிவிட்டால், அவன் பொய் கூறுங்கால் நம்மைக் காப்பவர் யார்?

இக்கேள்வி வெறுங் கற்பனை அன்று. கான்சாஸ் மாகாணத்தில் மில்போர்டு என்னும் குக்கிராமம் ஒன்றில் ஜான் பிரிங்க்லி என்பவர் இருந்தார். முறையான வைத்தியக் கல்வி பெறாமல், பணங்கொடுத்துப் பட்டம் பெற்றவர். ஆட்டுக்கிடாயின் சுரப்பியை மனிதனுக்கு வைத்துத் தைத்தால் இழந்த ஆண்மை திரும்பும் என்று கூறிப் பெரும் பொருள் ஈட்டினார். 1923ஆம் ஆண்டில் கே.எப்.கே.பி. என்னும் ரேடியோ நிலையத்தை அமைத்தார். அதில் என்ன கேட்டது? வானிலை, தானிய விலை, கால்நடை விலை, கிராமிய இசை, வழிபாடு, கேட்பவர் கடிதங்களுக்குப் பதில். பீல்டின் நிகழ்ச்சி நிரலுக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிது. பீல்டின் கடிதக் கூடைக்குப் பதிலாக அவரிடம் 'வைத்திய வினாப் பெட்டி' இருந்தது. நோயாளியைக் காணாமலே, கடிதத்தை வாசித்து, இலக்கமிட்ட மருந்து ஒன்றைக் கூறுவார். அம்மருந்தை விற்ற கடைக்காரர்களிடமிருந்து அவருக்குப் பங்கு வரும். 1930ஆம் ஆண்டில் அவருடைய வைத்திய அனுமதியும் ரேடியோ அனுமதியும் பறிக்கப்பட்டன. 1931ல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அயோவாவிலேயே, மிசிசிப்பி நதிக்கரையில் மஸ்கட்டீன் என்னும் ஊரில், புற்றுநோய்க்கு மருந்து கண்டதாகப் பேசி வந்த நார்மன் பேக்கர் என்பவரது நிலையமும் அதே 1931ல் அனுமதி இழந்தது.

இப்பொழுது அந்தத் தங்கக் கோப்பைக்கு வருவோம். 1926ல் ஏர்ல் மேக்குக் கோப்பை அளித்த அதே பத்திரிகை, 1930ஆம் ஆண்டு நாட்டின் மிகச் செல்வாக்குள்ள நிலையமென்று மக்கள் வாக்கினால் தேர்ந்தெடுத்துக் கோப்பை அளித்தது பிரிங்க்லியின் நிலையத்திற்கே. இரு நிலையங்களையும் கேட்டவர்கள் ஒரே சமவெளியின் குடியானவர்கள். அவர்கள் மூடர்கள் அல்லர். இனிய குரலும், பழகிய இசையும், கடிதத்துக்குப் பதிலும் இருவரிடமும் இருந்தன. ஆகையால் மக்கள் அபிமானம் என்பது, கூறுபவன் மெய்யனா பொய்யனா என்பதற்கு ஒரு சிறிதும் சாட்சி ஆகாது. இந்நாளில் ஒரு படத்தை இத்தனை லட்சம் பேர் பார்த்தனர் என்று சொல்லிப் பயிர் மருந்தைப் பரிந்துரைப்போர் உளர். அவர்களுக்கும் இது பொருந்தும்.

பின் வேறுபாடு எதில் இருந்தது? எமது கருத்தில், அது விற்பவர் குணத்தில் மாத்திரம் இல்லை. விற்ற சரக்கின் இயல்பில் இருந்தது. பொய்யான விதை ஒரு பருவத்திற்குள் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். முளைக்கவில்லை என்றால் முளைக்கவில்லை. வெள்ளரி என்று வாங்கியது பூசணியாகக் காய்த்தால் ஊரே பார்க்கும். வேலிக்கு அப்பால் நிற்கும் அயலான் கண் அதனின்று தப்பாது. ஷெனண்டோவாவின் வியாபாரிகள் மறு ஆண்டும் அதே குடியானவனுக்கே விதை விற்றாக வேண்டும்; ஊரும் சிறியது, வந்து கேட்பதும் எளிது. ஆட்டுச் சுரப்பி வைத்துத் தைக்கப்பட்டவனோ, பலன் இல்லையென்றால் வெட்கத்தால் வாய் திறவான். சாட்சி இல்லாத சரக்கை விற்றவனுக்கு ரேடியோ பெருத்த ஆயுதமாயிற்று.

இதற்கு வலுவான சான்று அயோவாவிலிருந்தே கிடைக்கிறது. 1930களில் அங்கே வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியது. 1935ஆம் ஆண்டளவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தில் இருந்தது, 1939க்குள் தொண்ணூறு பங்காயிற்று. இவ்வளவு விரைந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 259 குடியானவர்களைக் கேட்டு, 1943ல் தம் முடிவை வெளியிட்டனர். புதிய விதை ஒன்று உண்டு என்ற செய்தியைப் பெரும்பாலும் முதலில் கொண்டுவந்தவன் விதை விற்பனைக்காரன். ஆனால் அதை விதைக்கலாமென்று துணிவு தந்தவன் பெரும்பாலும் அடுத்த பண்ணைக்காரனே. அதிலும் முதலாண்டில் கொல்லை முழுதும் விதைத்தாரில்லை. ஒரு சிறு பங்கில் விதைத்துப் பார்த்த பின்னரே விரித்தனர். வியாபாரி சேதி சொன்னான்; அயலான் தீர்ப்புச் சொன்னான். ஷெனண்டோவா நிலையங்களின் சாமர்த்தியமெல்லாம், வியாபாரியாய் இருந்துகொண்டே அயலானின் குரலையும் எடுத்துக்கொண்டதுதான்.

அப்படியானால் ஆலோசனை கூறும் ரேடியோ முழுதும் சர்க்கார் வசமும் கல்லூரி வசமும் இருந்திருக்க வேண்டுமா? அவ்வாறும் ஒன்று அயோவாவில் இருந்தது. ஏம்ஸ் நகரத்து விவசாயக் கல்லூரியின் டபிள்யூ.ஓ.ஐ. நிலையம் 1922ஆம் ஆண்டிலேயே அனுமதி பெற்றுச் சந்தை விலைகளை ஒலிபரப்பியது. அதற்கு விற்கச் சரக்கு ஒன்றும் இல்லை. ஒரு வேடிக்கை: பீல்டின் நிலையத்திற்கு 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட அலை வழியில் இரண்டு சர்வகலாசாலை நிலையங்களும் நேரப் பங்கு பெற்றிருந்தன. ஒரே வழியில் பேராசிரியர் ஒரு வேளையும் விதைக்காரர் ஒரு வேளையும் பேசினர். கல்லூரிகளின் நன்மையைக் குறைத்துக் கூறுவது எம் நோக்கமன்று. ஆயினும் இலாகாவின் வெளியீட்டிலேயே இதை எழுதுவதால் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: சரியானதைக் கூறுவோர், கேட்கத் தக்கவாறு கூறுவதில் பெரும்பாலும் அக்கறை கொள்வதில்லை. 'ஏக்கருக்கு இத்தனை கிலோ, இத்தனை நாள் இடைவெளியில்' என்று வாசித்துவிட்டுப் போகிறவரிடம் ஐயம் கேட்க வழியில்லை; அவர் பெயரும் மறந்துவிடுகிறது.

நம் நாட்டில் ஒரு முறை இவ்விரண்டும் ஒன்றாகக் கூடியதுண்டு. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி தொடங்கியது. 1966ஆம் ஆண்டு முதல் அகில இந்திய ரேடியோவின் சில நிலையங்களில் பண்ணைக்கும் இல்லத்துக்கும் உரிய தனிப் பிரிவுகள் அமைந்தன. அக்காலத்தில் ஜப்பானிய நெல்லினத்தையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்துப் பெற்ற, ஏறக்குறைய 105 நாட்களில் விளையும் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சைக் குறுவைக்கு வந்தது. நாற்றங்கால் முதல் அறுவடை வரை ரேடியோ அதைப் பற்றிப் பேசியது. குடியானவர்கள் விதைக் கிடங்கில் போய், 'ரேடியோ நெல்' கொடுங்கள் என்றே கேட்டனர். விதையை வெளியிட்ட ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை அவர்கள் வைக்கவில்லை. பேசிய பெட்டியின் பெயரை வைத்தனர். இப்பெயரில் பெருமை மாத்திரம் இல்லை, பொறுப்பும் உண்டு. அந்நெல் கைவிட்டிருந்தால் பழியும் ரேடியோவையே சேர்ந்திருக்கும். விற்றதில் ஒரு காசும் பெறாமல், கூறியதற்குப் பொறுப்பு மாத்திரம் ஏற்ற நிலை அது. அந்த நிலையையே நாம் விரும்பத் தக்கதென்று கூறுகிறோம்.

இன்று இதன் அவசியம் முன்னினும் மிகுந்திருக்கிறது. விதை தன்னைக் காட்டிக் கொடுக்கும் என்றோம். பூச்சி மருந்து அவ்வாறு காட்டிக் கொடுப்பதில்லை. நெல்லில் புகையான் தாக்குதலை எடுத்துக்கொள்வோம். தேவையற்ற காலத்தில் மருந்தடித்தால், புகையானை உண்ணும் சிலந்திகளும் நன்மை செய்யும் பூச்சிகளும் மடிகின்றன. சில மருந்துகளுக்குப் பின் புகையான் முன்னிலும் பெருகி வருகிறது. குடியானவன் கண்ணுக்குத் தெரிவது பூச்சி பெருகியது மாத்திரமே. ஆகையால் மருந்து போதவில்லை என்று கருதி மறுபடியும் கடைக்கே செல்கிறான். தவறான ஆலோசனையே தவறான ஆலோசனைக்கு வாடிக்கைக்காரனைத் தருகிறது. பிரிங்க்லியின் வினாப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சிந்திப்பவர் காண்பர். மருந்துக் கடைக்காரர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்பது எம் கருத்தன்று; அவர்களுள் பட்டம் பெற்ற, நல்லெண்ணமுடைய பலர் உளர். ஆனால் விற்காதே என்று ஆலோசனை கூறினால் வருவாய் இழப்பவனிடம், அந்த ஆலோசனையை எதிர்பார்ப்பது நியாயமன்று. 'இவ்வாரம் ஒன்றும் தெளிக்க வேண்டாம்' என்று சொல்லக்கூடிய வாய் எங்கேனும் ஒன்று இருந்தாக வேண்டும். அவ்வாய் ரேடியோவாக இருப்பதில் வசதிகள் உண்டு. கேட்பதற்குக் காசில்லை, கை சேற்றில் இருக்கும்போதும் காது கேட்கும், கூறியது ஊரார் அனைவருக்கும் ஒருங்கே கேட்டதால், பின்னர் நான் அவ்வாறு கூறவில்லை என்று மறுக்கவும் இயலாது. கைப்பேசியில் ஒருவனுக்கு ஒருவிதமாகவும் மற்றவனுக்கு வேறுவிதமாகவும் கூறலாம். அடுத்த வயற்காரன் அறியான்.

ரேடியோவின் பாதையும் தடையற்றதாக இல்லை. அமெரிக்காவிலேயே சில மோட்டார்க் கம்பெனிகள் மின்சார மோட்டாரின் இரைச்சல் இடையூறு செய்வதாகக் கூறித் தம் வண்டிகளிலிருந்து மத்திய அலைப் பெட்டியை நீக்கத் தொடங்கின. 2023ஆம் ஆண்டில், ஒவ்வொரு வண்டியிலும் அது இருந்தாக வேண்டும் என்னும் மசோதா அந்நாட்டுச் சட்டசபையில் கொண்டுவரப்பட்டது. அதற்காக வாதாடியவர்களுள் விவசாயிகளும் உண்டு. ஷெனண்டோவாவில் கே.எப்.என்.எப். என்ற பெயர் மறைந்து வெகு காலமாயிற்று. ஏர்ல் மே 1946லும் ஹென்றி பீல்டு 1949லும் காலஞ்சென்றனர். கே.எம்.ஏ. 960 கிலோசைக்கிள் அலையில் 5,000 வாட்டு சக்தியுடன் நூறாண்டுகளைக் கண்டுவிட்டது.

நம் மாகாணத்து விவசாய ஒலிபரப்புகளுக்கு நாம் கோருவது பெருஞ் செலவு பிடிப்பதன்று. பேசுபவர் ஒருவராகவே பல ஆண்டுகள் இருக்கட்டும். தம் பெயரையும் தாம் எந்த ஊரில் கிடைப்பார் என்பதையும் ஒவ்வொரு முறையும் கூறட்டும். கம்பெனிச் சரக்கு எதையேனும் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தால், அதனால் நிலையத்துக்கு வரவு உண்டா இல்லையா என்பதை அதே மூச்சில் தெரிவிக்கட்டும். வெற்றி பெற்ற விவசாயிகளை அழைத்துப் பேட்டி காண்பது இப்பொழுது வழக்கமாய்விட்டது. அது நல்லதே, ஆயினும் அலுப்புத் தருகிறது. வாரத்தில் ஒரு நாள், பால் கறந்து முடித்து வீட்டில் உட்காரும் வேளையில், இலாகா கூறியபடி செய்தும் பயிர் கெட்டதென்று எழுதியவர்களின் கடிதங்களுக்கென்றே கால் மணி நேரம் ஒதுக்கட்டும். குருத்துப் பூச்சி விழுந்து வெண்கதிர் ஆன வயலைப் பற்றி ஒருவர் மனம் நொந்து எழுதியிருப்பார். அதில் இலாகாவை ஏசியும் இருப்பார். அந்தத் தபால் அட்டையை ஒரு சொல்லும் நீக்காமல் வாசிக்கட்டும். பதில் தெரிந்தால் கூறட்டும். தெரியாவிடில், கேட்டு வந்து அடுத்த புதன்கிழமை கூறுகிறோம் என்று சொல்லி, அடுத்த புதன்கிழமை கூறட்டும்.